அஞ்சலிப் பக்கத்தில் ஒரு பழம்பாட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஆவணியில் என் கணவர் காலமானதிலிருந்து உங்கள் நாளிதழின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். பெரும்பாலான விளம்பரங்களில் ஒரே நாலு வரிதான். பெயரும் படமும் மட்டும் மாறுகின்றன. யாருடைய துக்கத்தையும் நான் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த வரியைத்தானே கொடுப்பார்கள்? ஆனால் நம்மிடம் வேறு வரிகள் இருக்கின்றன.

புறநானூற்றின் 256-ஆம் பாட்டில், கணவனை இழந்தவள் குயவரிடம் கேட்கிறாள்: வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிக்கொண்டே வந்த சின்னஞ்சிறு பல்லி மாதிரி இவரோடு எத்தனையோ காடுகளைக் கடந்து வந்தவள் நான், இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனைந்து கொடு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர். அங்கே கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஈமத்தாழிகளை இன்றும் பார்க்கலாம். வந்தவர்கள் எல்லாரும் "அழாதே, தைரியமா இரு" என்றார்கள். அப்படிச் சொல்லாதவள் அந்தப் பாட்டில் வரும் இவள் ஒருத்திதான். முதல் சில மாதங்கள் எனக்கு இவள்தான் துணை.

அப்புறம்தான் பக்குடுக்கை நன்கணியாரின் 194-ஆம் பாட்டுக்கு வந்தேன். ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், பிரிவில் வாடும் இன்னொருத்தியின் கண் ஓயாமல் நீர் சொரிகிறது. உலகத்தை இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புலவர் நேராகவே திட்டுகிறார்! திட்டி முடித்த பிறகு, 'இன்னா தம்மஇவ் வுலகம். இனிய காண்கிதன் இயல்புணர்ந் தோரே' என்கிறார். உலகம் கொடியதுதான், அது தெரிந்தவர்கள் இனியதைத் தேடிக் காணட்டும் என்று. என் கோபத்தையும் ஒத்துக்கொண்ட ஆறுதல் என்பதால் அதை என்னால் நம்ப முடிந்தது. தை மாதம் உறவில் ஒரு கல்யாணம். பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நான் முன்னால் போய் உட்கார்ந்து, தாலி கட்டுவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடி அலைந்து 1894-இல் அச்சேற்றிய நூல் இது. பரீட்சையோடு நின்றுவிடக் கூடாது. அஞ்சலிப் பக்கத்தின் ஓரத்தில் வாரம் ஒரு பாட்டை, எளிய உரையோடு போடுங்கள். வீட்டில் துக்கம் நடந்தவர்கள்தான் அந்தப் பக்கத்தை நின்று படிக்கிறார்கள். உரை எழுதித் தர நான் தயார். கூலி எதுவும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஸ்ரீவைகுண்டம்