சூரிய மின்சாரக் கணக்கில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காற்றாலை, சூரிய மின்சாரத்தில் தமிழகம் முன்னணியில் நிற்பதாகச் செய்தி வரும்போதெல்லாம் மெகாவாட் கணக்கு மட்டுமே பேசப்படுகிறது. அனல் மின்நிலையங்களுக்கு வக்காலத்து வாங்க நான் எழுதவில்லை. எண்ணூர் மக்கள் சாம்பலோடு பட்ட பாட்டை அறிந்தவர் எவரும் அப்படி எழுத மாட்டார். ஆனால் இந்த மெகாவாட் கணக்கில் இரண்டு செய்திகள் விடுபடுகின்றன: பொழுது சாய்ந்தபின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று, மின்தகடுகள் பரப்பப்பட்ட நிலத்தை அதற்கு முன் நம்பியிருந்தவர்கள் யார் என்பது மற்றொன்று.

சூரிய மின்நிலையம் ஒன்று, இரவையும் மேகமூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுச் சராசரியாகத் தன் நிறுவுதிறனில், அதாவது முழு வெயிலில் தரக்கூடிய உச்ச அளவில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே தருகிறது. தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது 2024 மே 2-ஆம் நாள். காற்றாலைகள் மும்முரமாகச் சுழல்வதோ தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான். எனவே கோடையின் புழுக்கமான இரவில், வெயிலும் போய், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றும் எழாத நேரத்தில், நம் வீட்டு மின்விசிறியைச் சுற்ற வைப்பது பெரும்பாலும் நிலக்கரியும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும்தான். பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் வசதி நமக்குப் புதிதன்று. 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அதன்பின் நீலகிரியில் திட்டமிடப்பட்ட 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டமோ ஆண்டுக்கணக்கில் இழுபறியாகிவிட்டது. சேமிப்புக்கு வழி செய்யாமல் தகடுகளை மட்டும் பெருக்குவது, களஞ்சியம் கட்டாமல் அறுவடையை மட்டும் பெருக்குவது போன்றதே.

அவசரப்பட்டு வாங்கினால் விலை எப்படி இருக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் மின்சாரத்துக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விலை யூனிட்டுக்கு ரூ.7.01, மறு ஆண்டே ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவுக்கான மின்விலை ஏலத்தில் விலை ரூ.2.44-க்கு இறங்கிவிட்டது. ஒப்பந்தக் காலமோ இருபத்தைந்து ஆண்டு.

நிலத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் தரிசு என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் நிலத்தில்தான் எங்கள் மாவட்டத்து ஏழைகள் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறார்கள். கீதாரிகள் ஆடு மேய்க்கிறார்கள். அந்த நிலம் விற்கப்பட்டால் பட்டாதாரர் கையில் பணம் சேரும். வெளியூரில் குடியேறி, பூர்விக நிலத்தைக் கண்ணால் கூடப் பார்க்காதவருக்கும் சேரும். வேலி விழுந்த மறுநாள் மேய்ச்சல் இழந்தவரின் பெயர் எந்த ஆவணத்திலும் இராது. கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்காவில் சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.21,000 என்று விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் கைவிட்டுப் போகாததால் இது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அங்கேயும் குத்தகைப் பணம் நிலம் உள்ளவரோடு நின்றுவிட்டது. அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களுக்கு அதில் பங்கில்லை. கூரை மேல் தகடு பொருத்த மத்திய அரசு தரும் ரூ.78,000 வரையிலான மானியமும், சொந்தக் கூரை உள்ளவர்களுக்கே பயன்படும்.

அனல் மின்நிலையம் அமைக்கச் சுற்றுச்சூழல் அனுமதியும் அதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டும். சூரிய மின்நிலையத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. புகை இல்லை என்பதால் பாதிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும். குறைந்தது நூறு ஏக்கருக்கு மேற்பட்ட திட்டங்களுக்காவது, பட்டா இருக்கிறதா என்று கேளாமல், மேய்ப்பவரும் கரி சுடுபவரும் வந்து பேசக்கூடிய கிராமக் கூட்டம் ஒன்றைக் கட்டாயமாக்க மாநில அரசு முன்வர வேண்டும். அக்கூட்டம் அவர்கள் வேலைக்குப் போகும் பகல் வேளையில் அல்லாமல் மாலையில் நடத்தப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பரமக்குடி.