தழும்பை மறைக்காத டி

ஏய் டி,

மூணு மாசமா எழுதல, நேர்ல வந்து திட்டிக்க. செந்தூல்ல எல்லாரும் நலம், அம்மா முட்டிவலி அப்படியேதான், உங்க பெரியக்கா குடுத்த ஊறுகாய் போன வாரமே தீந்துபோச்சு. நேத்து ராத்திரி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டதுலேர்ந்து தூக்கம் இல்ல, அதான் டூட்டி முடிஞ்சு வந்த கையோட உக்காந்துட்டேன்.

ஓவரி கட்டிக்கு லேப்ரோஸ்கோப்பின்னதும், அதான் வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா குழாய் விட்டு செய்யற ஆபரேஷன், 96 கிலோ உடம்புக்குள்ள குழாய் எப்படி போகும்னு அழற. "உன்னை மாதிரி ஒல்லியா இருந்தா எனக்கு பயமே இல்ல"ன்னும் சொல்ற. அது தப்பு டி. போன மாசம் எங்க ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு பொண்ணு வந்தா, 38 கிலோ. மயக்கம் குடுத்து படுக்க வெச்சதும் டாக்டர் அவ தொப்புள்ல விரல் வெச்சாரு, துடிப்பு விரல்ல அடிக்குது. முதுகெலும்பை ஒட்டி இறங்கற பெரிய ரத்தக் குழாய், அயோர்டா, தொப்புள் பக்கத்துலதான் ரெண்டா பிரியும், ரொம்ப ஒல்லியானவங்களுக்கு தோலுக்கும் அதுக்கும் நடுவுல சில சமயம் ரெண்டு செ.மீ போலதான் இருக்கும். வயித்துக்குள்ள கேஸ் நிரப்ப முதல்ல ஒரு ஊசி விடுவாங்க, அவரு அந்த ஊசியே வேணாம்னு சின்னதா வெட்டி, கண்ணால பாத்துப் பாத்துதான் உள்ள போனாரு.

உனக்கு கதை வேற. எடை ஏற ஏற தொப்புள் கீழ இறங்கும், அயோர்டா பிரியற இடம் அங்கயேதான் இருக்கும். 1992ல ஸ்கேன்ல அளந்தப்போ குண்டானவங்களுக்கு தொப்புள் அந்த இடத்துலேர்ந்து சராசரியா 2.9 செ.மீ கீழ இருந்துச்சு, ஒல்லியானவங்களுக்கு அரை செ.மீ கூட இல்ல. அதனாலதான் ஒல்லியா இருக்கறவங்களுக்கு ஊசியை 45 டிகிரி சாய்ச்சு இடுப்புப் பக்கமா விடுவாங்க, உனக்கு கிட்டத்தட்ட நேரா. உனக்கும் சாய்ச்சா ஊசி கொழுப்புக்குள்ளயே சுத்தும், கேஸ் வயித்துக்குள்ள போகாம வெளியிலயே தங்கிடும். இன்னொண்ணு கேளு, எவ்ளோ குண்டா இருந்தாலும் தொப்புள் குழியோட அடியில கொழுப்பு இருக்காது, தோலும் உள்சவ்வும் அங்க ஒட்டித்தான் இருக்கும், வாசலே அதுதான். ஊசி உள்ள போற வரைக்கும் டேபிளை மட்டமாத்தான் வெப்பாங்க, தலையை முன்னாடியே தாழ்த்தினா அயோர்டா தொப்புளை நெருங்கிடும். ஊசியும் சாதாரணம் இல்ல, வெரஸ்னு ஒரு ஹங்கேரி டாக்டர் 1930கள்ல டிபி நோயாளிங்களுக்காக செஞ்சது, உள்ள போனதும் ஸ்பிரிங்ல மொட்டை முனை முன்னாடி வந்து கூர்முனையை மறைச்சிடும்.

ஆக, உன் எடையை நெனச்சு நான் பயப்படல. என் பயம் அந்தத் தழும்பு டி! பதிமூணு வயசுல குடல் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு சப்பாத்தி டீச்சர் கிளாஸுக்கு ரெண்டு மாசம் வராம இருந்தியே, தொப்புளைச் சுத்தி மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு. அதை டாக்டர்கிட்ட சொல்லவே இல்லன்னு சிரிச்சுக்கிட்டே சொல்ற, எனக்கு வயித்தைக் கலக்குது. பழைய தழும்புக்கு அடியில குடல் ஒட்டிக்கிட்டு இருக்கலாம், தொப்புள் வழியா ஊசி விட்டா குடல்லயே குத்திடும். வயித்தைப் பாத்தா தழும்பு அவருக்குத் தெரியும்தான், ஆனா உள்ள குடலை வெட்டி ஒட்டினாங்களா, சீழ் இருந்துச்சா, அதெல்லாம் நீதான் சொல்லணும். தெரிஞ்சா தொப்புளை விட்டுட்டு இடது விலா எலும்புக்கு 3 செ.மீ கீழ, பால்மர் பாயிண்ட்ன்னு சொல்லுவாங்க, அங்கேர்ந்து போவாங்க. வாய் வழியா ட்யூப் விட்டு இரைப்பையைக் காலி பண்ணிட்டுத்தான் அதுவும். பழைய ஆஸ்பத்திரி கடுதாசி எதுவா இருந்தாலும் அம்மாவோட தகர டப்பாவுல தேடு, இன்னிக்கே.

மயக்க டாக்டர்கிட்ட குறட்டையையும் மறைக்காத. கேமரன் மலைக்குப் போனப்போ பஸ் டிரைவரே வண்டியை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாரே! சிரிப்பு இல்ல டி, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதான்னு முன்னாடியே பாத்துக்குவாங்க.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாச்சு. காலையில ஈடிஎஸ் ரயில் பிடிச்சு பட்டர்வொர்த், அங்கேர்ந்து ஃபெரி. டாக்டர்கிட்ட பேசிட்டு எனக்கு உடனே போன் பண்ணு, நடுராத்திரியா இருந்தாலும் சரி.

உன் பக்கத்து பெஞ்சு