'15 நாள் சிறை' என்று போடாதீர்கள்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் குற்றச் செய்தி எழுதுகிற, திருத்துகிற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு தாலுகா கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. 22 வருடமாக வழக்குக் கட்டு சுமந்து, வாய்தா தேதி குறித்து வருகிறேன். காலையில் கோர்ட் வாசல் டீக்கடையில் பேப்பர் படிக்காமல் உள்ளே போனதில்லை. அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் வக்கீலிடம் ஓர் அடிதடி வழக்கு வந்தது. கைதான பையனை மறுநாள் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், அதாவது விசாரணைக்காகக் காவலில் வைக்கச் சொன்னார். அடுத்த நாள் பேப்பரில் மூன்று வரி: 'வாலிபருக்கு 15 நாள் சிறை'. பையன் வேலை பார்த்த ஜவுளிக்கடை முதலாளி அதைப் படித்தார். "தண்டனையே கொடுத்துட்டாங்க, இனிமே என்ன?" என்று வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் ஜாமீனில் வந்த பையன் கடை வாசலோடு திரும்பினான். வழக்கில் அப்போது குற்றப்பத்திரிகைகூடத் தாக்கலாகவில்லை.

அந்த 15 தண்டனைக் கணக்கே இல்லை. விசாரணை நடக்கும்போது ஒருவரை ஒரே உத்தரவில் 15 நாளுக்கு மேல் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இல்லை. அதனால்தான் யார் கைதானாலும் உங்கள் செய்தியில் அதே 15 வருகிறது. தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள். 60 நாளிலோ, பெரிய குற்றமானால் 90 நாளிலோ போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால், ஜாமீன் பெறுவது கைதானவருடைய உரிமையாகிவிடும். இந்திய சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இப்படித் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள்தான். தண்டனைக் கைதிக்கும் இவர்களுக்கும் உங்கள் செய்தியில் ஒரே வார்த்தை.

அப்புறம், 'போலீசார் அவரைக் கைது செய்து சிறையில் அடைத்தனர்' என்ற வாக்கியம். தினமும் பத்து இடத்தில் பார்க்கிறேன். போலீஸ் கைது செய்யலாம், கோர்ட்டில் ஆஜர்படுத்தலாம், அவ்வளவுதான். அடைக்கச் சொல்வது மாஜிஸ்திரேட். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவர் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு வாக்கியத்தில் அந்த மாஜிஸ்திரேட்டையே காணாமல் போக்கிவிடுகிறீர்கள்.

'காவல்' என்ற சொல்லும் ஒரு சங்கடம்தான். காவல்துறையும் காவல், கஸ்டடியும் காவல். நீதிமன்றக் காவல் என்றால் எங்கே? ஒருமுறை ஓர் அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, வராந்தாவில் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, கோர்ட்டுக் காவல்னு டிவியில சொன்னாங்களே, எம்மவன எந்த ரூம்ல வச்சிருக்காங்க?" பையன் 30 கிலோமீட்டர் தள்ளி கிளைச் சிறையில் இருந்தான். 'நீதிமன்ற உத்தரவின்பேரில் இன்ன ஊர் கிளைச் சிறையில்' என்று செய்தியில் இருந்திருந்தால் அந்த அம்மா நேராக அங்கே போயிருப்பார்.

போலீஸ் காவல் வேறு. அதில் ஆள் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போகிறார். முன்பு முதல் 15 நாளுக்குள் மட்டும்தான் அது முடியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அதே 15 நாளைத் துண்டு துண்டாக, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாள் வரைக்கும் கேட்கலாம். ஆகவே எந்தக் காவல் என்பதை இப்போது இன்னும் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே போன அவர் மகன் பென்னிக்ஸையும் அங்கே பிடித்து வைத்தார்கள். மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி அதிகாலை அப்பாவும் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். காகிதப்படி அவர்கள் அப்போது நீதிமன்றக் காவலில் இருந்தவர்கள். கொலைக் குற்றம் சாட்டி சிபிஐ குற்றப்பத்திரிகை போட்டதோ ஸ்டேஷன் போலீசார்மீது. 'நீதிமன்றக் காவலில் மரணம்' என்று மட்டும் எழுதினால் எழுத்தில் தப்பில்லை, ஆனால் ஸ்டேஷனில் அவர்கள் அடிபட்ட அந்த இரவு செய்தியிலிருந்து போய்விடும்.

'குண்டர் சட்டம் பாய்ந்தது' என்பது இன்னொன்று. சட்டம் எங்கே பாய்கிறது? இன்ஸ்பெக்டர் பரிந்துரைக்கிறார், கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போடுகிறார். பெரும்பாலும் அந்த ஆள் ஏற்கெனவே வேறு வழக்கில் உள்ளே இருப்பார், உத்தரவை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதையும் 'குண்டாஸில் கைது' என்கிறீர்கள். 1982ஆம் வருட தமிழ்நாட்டுச் சட்டப்படி அது தடுப்புக்காவல். செய்த குற்றத்துக்கான தண்டனை அல்ல, இனிமேல் செய்துவிடுவார் என்ற கணிப்பில் 12 மாதம் வரை வைப்பது. அந்த உத்தரவுக்கு எதிராக ஜாமீன் கேட்க முடியாது, ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுதான் போட வேண்டும். யார் கையெழுத்து என்று போட்டால், கேள்வி கேட்க ஒரு முகமாவது கிடைக்கும்.

போராட்டம் நடத்துகிறவர்களின் கல்யாண மண்டபக் கைது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலையில் பிடித்து, மத்தியானம் சாம்பார் சாதம் கொடுத்து, மாலையில் விட்டுவிடுவார்கள். அது பரவாயில்லை. எனக்குக் கவலை, 'விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்' என்பதில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டி வேனில் ஏற்றினால் அது அழைப்பா? கிளம்பிப் போக விடாமல் வைத்திருந்தால் அது காவல்தான், பெயர் எதுவானாலும். போலீஸ் சொல்கிற சொல்லை அப்படியே வாங்கிப் போடாமல், எத்தனை மணிக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு நேரத்தைப் போடுங்கள். அந்த 24 மணி நேரக் கணக்கு எங்களுக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ரிமாண்டுக்கு 'விளக்கமறியல்' என்று எழுதுகிறார்கள். நமக்கு மறியல் என்றால் சாலையில் உட்காருவது, அங்கே மறியல் என்றால் சிறை. படிக்கிறவருக்குத் தண்டனை வேறு, இது வேறு என்று ஒரே சொல்லில் புரிந்துவிடுகிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை, நம் ஆட்களுக்குச் சாலை மறியல்தான் ஞாபகம் வரும். 'ரிமாண்ட்' என்றே எழுதலாம், கோர்ட் வாசலில் எல்லாருக்கும் அது தெரியும்.

தலைப்பில் இடம் போதாது என்று சொல்வீர்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன். '15 நாள் சிறை' என்பதைவிட '15 நாள் ரிமாண்ட்' இரண்டு எழுத்துதான் கூடுதல்.

இப்படிக்கு,
கோர்ட் வாசல் டீக்கடையில் உங்கள் பேப்பரைப் படிக்கும் ஒரு குமாஸ்தா