எந்த அறுவை சிகிச்சை என்று முதலில் சொல்லுங்கள்

நெல்லைச் சீமையின் எலும்பு மருத்துவர்களுக்கு,

வணக்கம். கைப் பெருவிரல் அடிமூட்டுத் தேய்மானம் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள் உங்கள் வாசலில் காத்திருப்பதை அன்றாடம் பார்க்கிறீர்கள். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி.

பட்டை கட்டியும் ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. எலும்பை எடுத்துவிடலாம் என்றார் ஒரு மருத்துவர். மூட்டை அசையாமல் ஒட்டவைக்கலாம் என்றார் இன்னொருவர். செயற்கை மூட்டு என்றார் மற்றொருவர். ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

போன வாரம் ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனாவை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை என்றதும், வீங்கிய அதே பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் உருட்டி எடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எதற்குச் சம்மதித்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது இது. பெருவிரலுக்கு அடியில் மணிக்கட்டில் இருக்கும் ட்ரபீசியம் என்ற சிறு எலும்பை எடுத்தால் வலி குறையும். பிடிக்குப் பலம் திரும்பப் பல மாதம் ஆகும். அந்த இடத்தில் தசைநாரைச் சுருட்டி வைப்பதும் உண்டு. ஒட்டவைத்தால் உறுதி கிடைக்கும். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து ஊன்றுவது கடினம், சிலருக்கு எலும்பு சேராமலும் போகும். செயற்கை மூட்டில் பலம் சீக்கிரம் வரலாம்; தளர்ந்தாலோ நழுவினாலோ மறுபடியும் கத்திதான். வலியிலோ செயல்பாட்டிலோ ஒரு முறை இன்னொன்றைவிட மேல் என்று நிறுவப்படவில்லை என்கிறது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மறுஆய்வு.

அப்படியானால் அவளிடம் கேட்காமல் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் அவள். கை மாவுக்கட்டில் கிடக்கும் வாரங்களுக்குக் கூலி கிடையாது. இலையைச் சுருட்ட விரல் வளைய வேண்டும். எந்த முறை என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. மூட்டு மாற்றிக்கொண்டு சிரிக்கிற முகங்களுக்கும் விளம்பரப் பலகைகளில் பஞ்சமில்லை. பீடிக் கட்டில்கூட எச்சரிக்கை அச்சிடுகிறார்கள், ஐயா. அக்காவின் படிவத்தில் அவளுக்குப் புரிகிற ஒரு வரி இல்லை.

தயவுசெய்து, படிவத்தை நீட்டும் முன் தமிழில் ஒரு தாள் கொடுங்கள். ஒவ்வொரு முறையிலும் என்ன செய்வீர்கள், கட்டு எத்தனை வாரம், வேலைக்கு எப்போது திரும்பலாம், மறு அறுவை சிகிச்சைக்கு வாய்ப்புண்டா என்பது அதில் இருக்கட்டும். வீட்டில் வைத்து யோசிக்க அவகாசமும் வேண்டும். அக்காவுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளியின் தம்பி