டாக்டர் டூமின் முகமூடிக்குப் பின்னால் டூமின் முகமே இருக்க வேண்டும்

அனுப்புநர்:
நெடுநாள் காமிக்ஸ் வாசகன்,
மதுரை.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
இந்திய விநியோகப் பிரிவு
(படைப்புக் குழுவின் பார்வைக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன்).

நாள்: 18.08.2025

பொருள்: ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ திரைப்படத்தில் டாக்டர் டூம் என்ற வில்லன் பாத்திரத்தின் அடிப்படை மாற்றப்படலாம் என்ற அச்சம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2008-ஆம் ஆண்டு முதல் தங்கள் நிறுவனத்தின் மார்வெல் சூப்பர் ஹீரோ படங்களைத் திரையரங்கில் பணம் கொடுத்துப் பார்த்து வருபவன் நான். அதற்கும் முன்பிருந்தே, அந்தப் படங்களுக்கு ஆதாரமான காமிக்ஸ் இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த பிரதிகளாகவும், கையில் சற்றுக் காசு புழங்கத் தொடங்கிய பிறகு தொகுப்பு நூல்களாகவும் வாங்கிப் படித்து வருகிறேன். 2026 டிசம்பர் 18 அன்று வெளியாகவிருக்கும் படத்தில் டாக்டர் டூம் என்னவாக ஆக்கப்படப் போகிறான் என்ற கவலைதான் என்னை எழுத வைத்தது. படம் வந்த பிறகு குறை சொல்லி யாருக்கும் பயனில்லை. இங்கிலாந்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும் இப்போதே சொன்னால் எங்கேனும் ஒரு காதில் விழக்கூடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் மேடையில், பச்சை அங்கியும் முகமூடியும் அணிந்து நின்ற பலருக்கு நடுவிலிருந்து ஒருவர் முன்வந்து முகமூடியைக் கழற்ற, அவர் ராபர்ட் டவுனி ஜூனியர் என்று தெரிந்ததும் அரங்கமே அதிர்ந்தது. காணொளியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் மெய்சிலிர்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பதினோரு ஆண்டுகள் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்காக எங்களோடு வாழ்ந்த நடிகர் அவர். அதே ஆண்டு மார்ச்சில்தான் ஆஸ்கர் விருதும் பெற்றிருந்தார். அவருடைய திறமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் ஆரவாரம் அடங்கியதும் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அந்த அரங்கம் கொண்டாடியது டோனி ஸ்டார்க்கின் முகத்தை. டூமின் முழுப்பெயரான விக்டர் வான் டூம் என்ற பெயர் மேடையில் சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் மல்டிவெர்ஸ் எனும் பல இணை உலகங்களின் கற்பனைக்கு எட்டாத சாத்தியங்களுக்குச் சான்றாக இவரை அறிமுகப்படுத்துவதாகவும் அதே மூச்சில் சொல்லப்பட்டதால், டூம் என்பவன் இன்னோர் உலகத்து டோனி ஸ்டார்க், அதாவது ஒரு ‘வேரியன்ட்’ என்று கதை அமைந்துவிடுமோ என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்றுவரை ஓயவில்லை. கடந்த மார்ச்சில் நடிகர்களின் பெயர் பொறித்த நாற்காலிகளை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாகக் காட்டிக் கடைசியில் டவுனியின் நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அப்போதாவது டூமின் பின்கதையைப் பற்றி ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

சென்ற மாதம், டூமின் பரம எதிரிகளான நால்வரைப் பற்றிய ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்துக்கு என் அக்கா மகனை அழைத்துப் போயிருந்தேன். பதினொரு வயதுப் பையன். 2019-இல் டோனி ஸ்டார்க் இறக்கும் காட்சியில் என் மடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதவன். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபின் வரும் அந்தச் சிறு காட்சியில், பச்சை அங்கி அணிந்த ஒருவன் அந்த நால்வரில் ஒருவனான ரீட் ரிச்சர்ட்ஸின் குழந்தை ஃபிராங்க்ளினின் முன்னால் மண்டியிட்டிருக்கிறான். கழற்றிய முகமூடி அவன் கையில் இருக்கிறது. முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. அதைப் பார்த்ததும் பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா, இது டோனிதானே? அவரு ஏன் கெட்டவரா ஆயிட்டாரு?” என்று கேட்டான். இவன் டோனி இல்லையடா, இவன் வேறு ஆள், இவனுக்கென்று ஒரு நாடு உண்டு, ஒரு தாய் உண்டு என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். நான் சொன்னது மெய்தானா என்பது எனக்கே தெரியாது. அதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

டூம் முதன்முதலில் தோன்றியது 1962-இல், ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஐந்தாம் இதழில். அவன் யார் என்பதை முழுமையாகச் சொன்னது 1964-இல் வந்த ஆண்டுமலர். அதில் ஒரு பல்கலைக்கழக விடுதி அறை வருகிறது. விக்டரின் தாள்களில் எழுதப்பட்டிருக்கும் கணக்கைப் பார்த்துவிட்டு, அதில் பிழை இருக்கிறது என்று உடன் பயிலும் ரீட் ரிச்சர்ட்ஸ் சொல்கிறான். விக்டர் அவனை வெளியே துரத்துகிறான். பிழையைத் திருத்தவில்லை, எந்திரத்தை இயக்குகிறான், அது வெடிக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, அலைந்து திரிந்து, திபெத்தின் பனிமலையில் துறவிகளிடம் போய்ச் சேர்ந்து, தனக்கான இரும்புக் கவசத்தை வார்க்கச் செய்கிறான். முகமூடி இன்னும் ஆறவில்லை என்று துறவி தயங்குகிறார். அவன் பொறுக்கவில்லை, சூடு தணியாத இரும்பைத் தன் முகத்தில் பதித்துக்கொள்கிறான். 1980-களில் அந்தத் தொடரை எழுதி வரைந்த ஜான் பைர்ன் இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டு சென்றார்: வெடிப்பில் ஏற்பட்டது ஒரு சிறு தழும்பு மட்டுமே, முகத்தை உண்மையில் அழித்தது அந்த ஆறாத முகமூடிதான். காமிக்ஸில் நான் படித்த எந்த வில்லனின் வரலாற்றிலும் இதற்கு இணையாக ஒரு கட்டம் இல்லை என்பேன். இன்னொருவன் தன் பிழையைக் கண்டுபிடித்துவிட்டான் என்பதைத் தாங்க முடியாத ஒருவன், ஒரு சிறு தழும்பைத் தாங்க முடியாமல், தன் முகத்தைத் தன் கையாலேயே இழக்கிறான். அறுபது ஆண்டுகளாக டூம் மறைத்து வருவது அந்த முகத்தைத்தான். அங்கே நாங்கள் ஏற்கெனவே நேசித்த, வருந்தி வழியனுப்பி வைத்த வேறொருவரின் முகம் இருந்தால், அந்தத் தழும்புக்கும் அந்த இரும்புக்கும் என்ன பொருள் இருக்கும்?

இதே பாத்திரத்துக்குத் திரையில் முன்பு நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அப்போது உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தது என்பதால் அந்தப் பழியைத் தங்கள்மேல் சுமத்த மாட்டேன். 2005-இல் வந்த படத்தில் டூம் ஒரு பெருந்தொழிலதிபர். நால்வருக்கும் ஆற்றல் தந்த அதே விண்வெளி விபத்தே அவனுக்கும் ஆற்றல் தந்தது. 2015-இல் அவன் ஒரு கணினி வல்லுநர். அங்கும் நால்வர் சென்ற இடத்துக்கே அவனும் சென்று, அங்கேயே உருமாறித் திரும்பினான். இரண்டு முறையும் செய்யப்பட்ட மாற்றம் ஒன்றே: டூமின் கதையை நாயகர்களின் கதையோடு முடிச்சுப் போட்டு, அவனுடைய சொந்த உழைப்பையும் சொந்தக் குற்றத்தையும் பறித்துக்கொண்டது. எந்த விபத்தும் அவனுக்கு வரம் தரவில்லை; அறிவியலையும் மந்திரக் கலையையும் தானே கற்றுத் தேறித் தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டவன் அவன். இப்போது அவனை ஸ்டார்க்கின் நிழலாக ஆக்கினால் அது மூன்றாவது முறையாகச் செய்யும் அதே தவறு.

மூலக்கதையில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று வாதிடுபவனாக என்னை எண்ணிவிடாதீர்கள். தானோஸ் என்ற வில்லன் காமிக்ஸில் மரணத்தைப் பெண்ணாகக் கண்டு, அவளுடைய அன்பைப் பெறுவதற்காகப் பாதி உயிர்களை அழித்தவன். தங்கள் படத்தில் வளங்கள் போதாமை என்ற வேறு காரணத்தைக் கொடுத்தீர்கள். நான் ஏற்றுக்கொண்டேன், ஏனெனில் அந்த வெறி அவனுடையதாகவே இருந்தது, அதற்கான விலையையும் அவனே கொடுத்தான். மாறாக, 2013-இல் அயர்ன் மேனின் எதிரியான மாண்டரினை ஒரு கூலி நடிகனின் வேடம் என்று காட்டியபோது என் போன்றோர் எவ்வளவு மனம் நொந்தோம் என்பதும் தங்களுக்குத் தெரியும். எட்டு ஆண்டுகள் கழித்து, 2021-இல், டோனி லியூங் ஏற்ற, உண்மையான மாண்டரினான வென்வூ பாத்திரத்தின் வழியாக அந்தக் குறையைத் தாங்களே தீர்த்து வைத்தீர்கள். 2007-இல் வேறு நிறுவனம் வெறும் மேகமாகக் காட்டிய, உலகங்களை விழுங்கும் கலாக்டஸையும் சென்ற மாதம் கிர்பி வரைந்த பேருருவில் திரையில் நிறுத்தினீர்கள். அந்தக் காட்சியில் நான் கைதட்டினேன். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்களிடம்தான் முறையிடுகிறேன்.

டூமே அயர்ன் மேன் கவசத்தை அணிந்த கதை 2016-இல் காமிக்ஸிலேயே வந்திருக்கிறதே என்று படைப்புக் குழுவினர் சொல்லலாம். உண்மை, அதையும் படித்திருக்கிறேன். அதில் ஸ்டார்க்கின் கவசத்துக்குள் இருந்தவன் விக்டர் வான் டூம். தன் பழைய பாவங்களைச் சுமந்துகொண்டு நல்லவனாக வாழ முயன்று பார்த்தவன். அதைத் தலைகீழாக்கி, டூமின் கவசத்துக்குள் ஸ்டார்க்கைப் புகுத்துவதற்கு அந்தக் கதை சாட்சி ஆகாது.

இன்னொன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டூம் ஒரு ரோமா குடும்பத்தின் பிள்ளை. தாய் சிந்தியா மந்திரக் கலை அறிந்தவள். தந்தை வெர்னர் மருத்துவர். பின்னாளில் டூமே மன்னனாகும் லட்வேரியா நாட்டை அப்போது ஆண்ட பிரபுவின் நோயுற்ற மனைவியைக் காப்பாற்ற முடியாமல் போனதால், வீரர்கள் துரத்த, சிறுவன் விக்டரைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடுகிறார் வெர்னர். தன் உடையால் மகனைப் போர்த்திக் காத்துவிட்டுத் தான் குளிரில் இறந்துபோகிறார். ரோமா மக்களின் மொழி இந்திய மொழிகளோடு உறவுடையது என்பதும், அவர்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து மேற்கே சென்றவர்கள் என்பதும் அறிஞர்கள் நிறுவியவை. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களோடு சேர்த்து ரோமா மக்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அந்தப் போர் முடிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில், ஐரோப்பியப் போர்முனையில் படைவீரராக நின்று திரும்பிய யூதரான கிர்பியின் கை, துரத்தப்படும் ஒரு ரோமா தந்தையை வரைந்திருக்கிறது. அந்தப் பக்கங்களை எத்தனை முறை புரட்டினாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். நியூயார்க்கின் செல்வந்தர் வீட்டில் பிறந்து வளர்ந்த ஸ்டார்க்கின் இன்னொரு வடிவமாக டூமை ஆக்கினால், கூடாரத்தில் பிறந்த இந்தப் பிள்ளை கதையிலிருந்தே மறைந்துபோவான். தாயும் மறைந்துபோவாள். 1989-இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைந்த நூலில், நரகத்தில் சிக்கிய தாயின் ஆன்மாவை மீட்பதற்காக, தாயே தன்னை வெறுத்து ஒதுக்கும்படியான ஒரு செயலை டூம் தெரிந்தே செய்கிறான். அந்த வெறுப்புதான் அவளை விடுவிக்கும் என்பது அவன் போட்ட கணக்கு. விடுதலை பெற்ற தாய் மகனை வெறுத்தபடியே போகிறாள். இப்படி ஒரு மகனைக் கையில் வைத்துக்கொண்டு, வேறெங்கிருந்தோ ஒரு சோகத்தைக் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன?

தமிழ் வடிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்; அது தங்கள் பிரிவின் நேரடிப் பொறுப்பு. 2019-இல் தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். கேட்டுப் பழகிய குரல் மாறிவிட்டதே என்று அப்போதே பலர் வருந்தினார்கள். இம்முறை என் கோரிக்கை நேர்மாறானது. முகம் ஒன்றாகவே இருக்கப்போகும் நிலையில், டோனிக்குப் பேசிய எவருடைய குரலையும் டூமுக்கு வைக்காதீர்கள். மேலும், டூம் தன்னைக் குறிப்பிடும்போது பெரும்பாலும் தன் பெயரையே சொல்வான். ‘டூம் யாரிடமும் கேட்பதில்லை’ என்கிற பாணியில் பேசுவது அவன் வழக்கம். மொழிபெயர்க்கும்போது அதையெல்லாம் ‘நான்’ என்று மாற்றிவிட்டால் பாதி டூம் அங்கேயே போய்விடுவான். உள்ளூர்ப் பஞ்ச் வசனங்களும் அவன் வாயில் வேண்டாம். அவன் ஒரு நாட்டின் மன்னன்.

ஆகவே, டூமை ஸ்டார்க்கின் வேரியன்டாக எழுத வேண்டாம் என்றும், லட்வேரியாவும் அவன் தாயும் ரீட் ரிச்சர்ட்ஸ் கண்டுபிடித்த அந்தப் பிழையும் கதையில் இடம்பெற வேண்டும் என்றும் படைப்புக் குழுவுக்குத் தெரிவிக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே நடிகர் இரண்டு வெவ்வேறு மனிதர்களாக நடிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த ஒற்றுமைக்குக் கதைக்குள் ஒரு காரணம் சொல்லப்படுவதுதான் என் அச்சம். கதை ஏற்கெனவே முடிவாகி, மாற்ற இயலாத கட்டத்தில் இருக்குமானால், அதையாவது முன்பதிவு தொடங்குவதற்கு முன் வெளிப்படையாக அறிவியுங்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு இரண்டு இருக்கைகள் எடுப்பதாக அக்கா மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியா, தவறா என்று திரையரங்குக்குள் நுழையும் முன்பே அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதுரை வாசகன்