ஆண்டறிக்கை 2024–25: தெருமுனைத் தியேட்டரை முன்வைத்து

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, வியாபாரிகள் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆனித் தேரோட்டத்தன்று நீர்மோர்ப் பந்தல் போட்டோம். பதினோரு மணிக்கே மோர் தீர்ந்துபோனது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனு கொடுத்திருக்கிறோம். சந்தா பாக்கிக்காரர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

இந்த வருடம் நம் கூட்டங்களில் பாதி நேரத்தைத் தின்றது, திருநெல்வேலி டவுனில் நம் தெருமுனைத் தியேட்டர்தான். ஐப்பசியில் இடிக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் அதன் கதையை எழுதி வைத்துவிட வேண்டும் என்று செயற்குழு தீர்மானம் போட்டு, வேலையை என் தலையில் கட்டியது.

அங்கே ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி வீட்டுக்கு நாலு தடவை போனேன். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எப்படி எரியும் என்று இரண்டு பென்சிலை எடுத்துக் காட்டினார். பாசிட்டிவ் ஒன்று, நெகட்டிவ் ஒன்று. நுனியோடு நுனி தொட்டு விலக்கினால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் பிடிக்கும். திரைக்குப் போவது அதுதான். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், படம் மங்கும். "கீழேருந்து விசிலு வாரதுக்கு முன்ன திருகிரணும் வே" என்றார். 2000 அடிச் சுருள் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அது முடியுமுன் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும்: பக்கத்து மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடி கழித்து இன்னொரு புள்ளி: மாற்றிவிட வேண்டும். இத்தனை வருடம் படம் பார்த்த நம் செயற்குழுவில் ஒருவர் கண்ணிலும் அந்தப் புள்ளி பட்டதில்லை.

திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்தது சினிமா வியாபாரத்தில் 'டி.கே. ஏரியா'. சில படங்களுக்கு டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் சேர்த்து ஒரே பிலிம் பெட்டிதான் வரும். இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு பையன் ஜங்ஷன் வழியாகச் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி மிதிப்பான். 1973-ல் ஈரடுக்கு மேம்பாலம் வருவதற்கு முன் ரயில்வே கேட் சாத்திவிட்டால் ரீலும் பையனும் கேட்டிலேயே நிற்க வேண்டியதுதான். பாளையங்கோட்டையில் விளக்கைப் போட்டுவிட்டு ஜனங்களை முறுக்குத் தின்ன விடுவார்களாம். மேம்பாலத்தால் சினிமாவுக்கும் லாபம் என்று நம் தலைவர் அடிக்கடி சொல்வது சரிதான்.

டிக்கெட் கொடுக்கிற இடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கை நுழையும் அளவுக்குச் சுவரில் ஒரு துவாரம். அதற்குள் ஒரே நேரத்தில் நாலு கை. சில்லறையை இறுக்கிப் பிடித்து உள்ளே விட்டால், கை டிக்கெட்டோடு திரும்பும்போது மணிக்கட்டில் தோல் இருக்காது. தரை டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அதைத் தாண்டிக் கடலைப் பொட்டலம் போன கதைகளைச் சில உறுப்பினர்கள் சொன்னார்கள். அவர்கள் வீட்டு அம்மாமாரும் இங்கே வந்திருப்பதால் அறிக்கையில் சேர்க்கவில்லை.

இடிக்க வந்தவர்களை அதிகம் சிரமப்படுத்தியது ஆபரேட்டர் ரூம். மற்றதெல்லாம் மளமளவென்று விழுந்தது. அந்த ஒரு அறைக்கு மூன்று நாள் பிடித்தது. 1950-களின் தொடக்கம் வரை வந்த நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. அதனால் சுவரைக் கனமாகக் கட்டி, ஒளி போகும் துவாரங்களுக்கு இரும்பு மூடி வைப்பார்களாம். மேலே தீப்பிடித்தால் மூடி விழுந்து கீழே இருப்பவர்கள் பிழைப்பார்கள். ஆபரேட்டர் கதி என்ன என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார்.

கார்பன் போய் பல்பு வந்தது, பிறகு படம் டிஜிட்டலாகிப் பிலிம் பெட்டியே நின்றது. "பாஸ்வேர்டு வந்தா போதும்னாவ, எனக்கு அங்க என்ன சோலி" என்று அவர் வேலையை விட்டார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது 100 ரூபாய் வரை டிக்கெட்டுக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 28. 2020 மார்ச் 17-ல் கொரோனாவுக்காகத் தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களை மூடினார்கள். நவம்பர் 10-ல் பாதிச் சீட்டோடு திறக்கலாம் என்றபோது, நம் தியேட்டரின் இரும்புக் கேட் திறக்கவில்லை.

இதைச் சினிமா செய்தி என்று நினைக்க வேண்டாம். நம் கல்லாப்பெட்டிச் செய்தி. தியேட்டரில் பிள்ளையார் பாட்டு ரிக்கார்டு கேட்டால் பரோட்டாக்கடையில் மாவு உருட்டுவார்கள். இரவு ஒரு மணிக்கு செகண்ட் ஷோ விட்ட பிறகுதான் சால்னாச் சட்டி காலியாகும். இப்போது ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்குகிறது. சைக்கிள் ஸ்டாண்டு நடத்திய உறுப்பினர் மூன்று வருடமாகச் சந்தா கட்டவில்லை என்றால் காரணம் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு தவறையும் பதிய வேண்டும். பழைய புரொஜெக்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உரிமையாளர் குடும்பத்தார் பெரிய மனதோடு சொன்னார்கள். லோடு ஆட்டோ வாடகையை யார் கொடுப்பது என்று மூன்று கூட்டம் பேசினோம். நாலாவது கூட்டத்துக்குள் பழைய இரும்புக்காரர் எடை போட்டு ஏற்றிவிட்டார். வாடகையை நானே கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கு எழுதியிருக்கலாம். தவறு செயலாளருடையது.

கைக்கு வந்தவை: ஆபரேட்டர் ரூம் துவாரத்தின் இரும்பு மூடி ஒன்று, 'தரை – பெண்கள்' என்று எழுதிய தகரப் பலகை, செம்புப் பூச்சு போகாத மூன்று துண்டுக் கார்பன். சங்க அலமாரியில் இருக்கின்றன, சாவி என்னிடம். பழைய டிக்கெட், நோட்டீஸ், துண்டு பிலிம் வைத்திருப்பவர்கள் தை மாதத்துக்குள் கொடுத்தால் ரசீது தருவேன்.

ஆபரேட்டர் அண்ணாச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வடை, காப்பிக்கு முன் அவர் பேசுவார். நேரமாகிவிட்டது என்று யாரும் சீட்டு அனுப்ப வேண்டாம். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்