யூடியூபில் செய்திச் சேனல் நடத்துபவர்களுக்கு, ஒரு கேள்விக்குறி விஷயமாக

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர் போட்ட வீடியோ எது என்று உங்களுக்கே தெரியும். "நடுக்கடலில் தீ! ஊழியர்கள் அனைவரும் பலி?" கடைசியில் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் நாலு புகைபோக்கியோடு மூக்கு தண்ணீரில் இறங்கிய டைட்டானிக். என் தம்பி வேலை பார்ப்பது கண்டெய்னர் கப்பலில். அதில் இருப்பது ஒரே புகைபோக்கி.

அம்மாவுக்கு அந்தப் படமே போதுமாக இருந்தது. உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, கேஸ் வாசனை வந்த பிறகுதான் நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தோம். தரையில் உட்கார்ந்து, இரண்டு விரலால் அந்தக் கேள்விக்குறியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எதுக்குடா போட்டிருக்கான், இருக்காங்களா இல்லையா?" என்றார். தம்பி குரலைக் கேட்க ஆறு மணி நேரம் ஆனது. தீப்பிடித்தது வேறு கப்பல், அதிலும் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் தலைப்பை மாற்றினீர்கள், நன்றி. டைட்டானிக் அப்படியே இருக்கிறது.

கேட்பது ஒன்றே ஒன்று. பெயர்ப் பட்டியல் வரும்வரை "பலி" என்று போடாதீர்கள்.

டைட்டானிக் படம்தான் வேண்டும் என்றால், அதன் கதையையும் கொஞ்சம் படித்திருக்கலாம். 1912 ஏப்ரல் 14 இரவு 11:40-க்கு இடித்து, விடியற்காலை 2:20-க்கு மூழ்கியது, சுமார் 1,500 பேர் போய்விட்டார்கள். அன்றைக்கே நியூயார்க்கின் 'ஈவினிங் சன்' எல்லோரும் பிழைத்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் போட்டது. அடுத்த நாள் லண்டன் 'டெய்லி மெயில்' உயிர்ச்சேதமே இல்லை என்றது. இது எப்படி நடந்தது என்று அப்போது ஒரு விளக்கம் சொன்னார்கள்: பயணிகள் எல்லோரும் பத்திரமா என்று யாரோ வயர்லெஸ்ஸில் கேட்ட கேள்வி, வேறொரு கப்பல் எண்ணெய்க் கப்பலை இழுத்துக்கொண்டு போகும் சேதியோடு கலந்து, பதிலாகவே மாறிவிட்டதாம். அவர்கள் இருந்த கேள்விக்குறியைத் தொலைத்தார்கள், நீங்கள் இல்லாத கேள்வியைக் கிளப்பி ஒட்டுகிறீர்கள்.

அந்தக் கப்பலின் ஊழியர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் துறைமுக ஊரான சவுத்தாம்ப்டன்காரர்கள். அங்கே கம்பெனி ஆபீஸ் வாசலில், பிழைத்தவர்கள் பலகையில் தன் வீட்டு ஆள் பெயர் ஏறுமா என்று பெண்கள் நாள்கணக்கில் நின்றார்கள். அந்த ஓர் ஊருக்கு மட்டும் 500 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. எங்கள் அம்மா ஆறு மணி நேரத்தில் தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே கப்பல் இன்று ராத்திரி மூழ்கினால்? இரண்டு மணி நாற்பது நிமிடம், உங்களுக்கு எட்டு வீடியோ. பனிப்பாறை ஏஐ வேலை என்பார் ஒருவர், ஜோதிடர் போன வருடமே சொல்லிவிட்டார் என்பார் இன்னொருவர், கேப்டன் என்ன ஆளுங்க என்று கமெண்டில் அடிதடி நடக்கும். மிகையாகச் சொல்லவில்லை. 2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கியில் ஐந்து பேர் காணாமல் போனபோது, ஆக்சிஜன் இன்னும் எத்தனை மணி நேரம் என்று டிவியில் கடிகாரமே ஓடியது. அதற்குச் சில நாள் முன்னால்தான் கிரீஸில் பைலோஸ் பக்கத்துக் கடலில், பிழைப்புத் தேடிப் புறப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. அவர்களுக்கு யார் கடிகாரம் ஓட்டினார்கள்?

பிழைத்து வந்தாலும் விடுவதில்லை. டைட்டானிக்கில் பிழைத்த ஆறு சீனர்கள் டிக்கெட் எடுத்துப் போனவர்கள். திருட்டுத்தனமாக ஏறியவர்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அமெரிக்காவில் தங்க விடாமல், நியூயார்க் வந்து சேர்ந்த மறுநாளே வேறு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். உங்கள் கமெண்ட் பகுதியை அன்றைக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள் போல.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். வியூஸ் வந்தால்தான் உங்களுக்குச் சம்பளம் என்பது தெரியாமல் இல்லை. "கப்பலில் தீ, ஊழியர்கள் நிலை தெரியவில்லை" என்று போட்டாலும் நாங்கள் திறந்து பார்ப்போம், சத்தியமாகப் பார்ப்போம். கப்பல் பெயரைச் சேர்த்துப் போட்டால் இன்னும் உபகாரம், பாதி வீடுகளில் அந்த வரியோடு மூச்சு வந்துவிடும். பட்டியல் வரும்வரை "பலி" மட்டும் வேண்டாம், கேள்விக்குறியோடும் வேண்டாம். தயவுசெய்து.

அம்மா உங்கள் சேனலைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அன்சப்ஸ்கிரைப் செய்துவிடவா என்று கேட்டேன். தம்பி இறங்கி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.